வேலை முடிந்தது, பணம் வரவில்லை: வீட்டின் மேல் ஏறும் வில்லங்கம்

கூலி வராத ஒப்பந்தக்காரர், தான் உழைத்த கட்டடத்தையே ஈடாகப் பிடித்துவைக்க அமெரிக்கச் சட்டமும் கனடாச் சட்டமும் இடம் தருகின்றன. ஆனால் ஒரே முதலாளிக்கு ஐந்து வீடுகளில் வேலை பார்த்தவர் அந்த உரிமையைத் தேடிப் போகும்போது, அது ஐந்து துண்டாகக் கிடக்கிறது.

2024 பிப்ரவரி தொடக்கம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையத்தில் கிராமி விருது விழாவுக்கு அரங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே முடிக்கப்படாமல் நின்ற மூன்று கோபுரங்களில், மாடிக்கு மாடி ராட்சத எழுத்துகள். காவலை மீறி ஏறிய இளைஞர்கள் ஸ்பிரே பெயின்டால் தங்கள் பெயர்களை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுவதும் சுற்றின. சீன நிறுவனம் ஒன்று தொடங்கிய அந்த வளாகத்தின் பெயர் ஓஷன்வைட் பிளாசா. பணம் வற்றி 2019 தொடக்கத்திலேயே வேலை நின்றுபோனது. சுவரில் பெயர்கள் ஏறுவதற்கு வெகு முன்பே கவுண்டிப் பதிவகத்தில் வேறு பெயர்கள் ஏறிவிட்டன: வேலை செய்தும் பணம் வராத ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள். எழுத்துகள் உலகச் செய்தியான அதே பிப்ரவரியில், முதன்மை ஒப்பந்தக்காரரான லெண்ட்லீஸ் உட்பட, பாக்கி வரவேண்டிய சிலர் சேர்ந்து அந்தத் திட்டத்தைத் திவால் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதத்தின் பெயர் மெக்கானிக்ஸ் லீன்: உழைத்த கட்டடத்தையே கூலிக்கு ஈடாகப் பிடிக்கும் உரிமை. லெண்ட்லீஸ் போன்ற நிறுவனத்துக்கு அதைப் பிரயோகிக்க வழக்கறிஞர் படையே உண்டு. நான்கு ஆட்களையும் ஒரு வேனையும் வைத்துக்கொண்டு பிளம்பிங், வயரிங், டைல்ஸ் வேலை செய்பவர்களுக்கு அது இல்லை. அமெரிக்காவில் ஃப்ரீமாண்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் எடிசனிலும் சமையலறையைப் புதுப்பிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், டொராண்டோ வட்டாரத்தில் வீடு திருத்தும் தொழிலில் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கும் இந்தச் சட்டம் தூரத்துச் சங்கதி அல்ல. உழைத்தவனுக்குச் சட்டம் தரும் உரிமைகளில் லீனைப் போல நியாயமானது அரிது. ஆனால் அந்த உரிமை கடன்பட்ட மனிதரை விட்டுவிட்டு மனையைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் பல மனைகளை வைத்திருப்பவருக்குச் சட்டமே தப்பிக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த வாசலை அடைக்க முடியும், அடைக்க வேண்டும்.

தலைநகர் கட்ட வந்த சட்டம்

அமெரிக்காவின் முதல் லீன் சட்டம் 1791இல் மேரிலாந்தில் பிறந்தது. வாஷிங்டன் என்ற புதுத் தலைநகரை எழுப்பக் கொத்தர்களும் தச்சர்களும் தேவைப்பட்டார்கள். கைமாறிக்கொண்டே இருக்கும் மனைகளில் யாரை நம்பி அவர்கள் வேலை செய்வார்கள்? கட்டடமே உங்கள் கூலிக்கு ஈடு என்றது சட்டம். ஜெஃபர்சனும் மேடிசனும் ஆதரித்த அந்த யோசனை இன்று எல்லா மாநிலங்களிலும் சட்டம். கலிஃபோர்னியாவில் 1879 முதல் அது அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

இதன் பின்னால் உள்ள நியாயம் எளிது. ஒரு கடைக்காரர் விலை வராத நாற்காலியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகலாம். சுவருக்குள் போன செங்கல்லையும், தரைக்கடியில் போன குழாயையும் திரும்ப எடுக்க முடியாது. உழைப்பும் பொருளும் மனையின் மதிப்பாக மாறிவிட்டன. ஆகவே அந்த மதிப்பின் மேல்தான் உழைத்தவருக்கு உரிமை. லீன் பதிவானதும் சொத்தில் வில்லங்கம் ஏறுகிறது. விற்கப் போனாலும், மறுகடன் வாங்கப் போனாலும், தீர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். தீர்க்காவிட்டால் நீதிமன்றம் சொத்தை ஏலத்துக்கு விடலாம்.

பெட்டிச் செய்தி: கெடு தவறினால் உரிமை போச்சு

கலிஃபோர்னியா: வேலை முடிந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். உரிமையாளர் 'பணி முடிவு அறிவிப்பு' பதிந்துவிட்டால் முதன்மை ஒப்பந்தக்காரருக்கு 60 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். லீன் பதிந்த பிறகு 90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் அது செல்லாது. உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப்-கான்ட்ராக்டரும் பொருள் தருபவரும் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

ஃபுளோரிடா: கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாள்.

நியூயார்க்: 8 மாதம், தனிக் குடும்ப வீடு என்றால் 4 மாதம்.

ஒன்டாரியோ: 60 நாள்.

ஐந்து வீடு, ஐந்து கெடு

கலிஃபோர்னியாவில் ஓர் எலெக்ட்ரீஷியன் என்று வைத்துக்கொள்வோம். பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் ஒருவருக்காக ஒரே ஆண்டில் ஐந்து வீடுகளில் வயரிங் செய்கிறார். இருவருக்கும் இடையே ஒரே பழக்கம், ஒரே வாய்ப்பேச்சு, ஒரே நடப்புக் கணக்கு. எலெக்ட்ரீஷியன் மனதில் பாக்கியும் ஒன்றுதான்: அவர் எனக்கு 50,000 டாலர் தர வேண்டும். லீன் சட்டத்தின் கண்ணுக்கு அப்படி ஒரு பாக்கியே தெரியாது. அது பார்ப்பது ஐந்து மனைகள், ஐந்து வேலைகள், ஐந்து தனித்தனித் தொகைகள். ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்த நாள் வேறு. ஆகவே கெடுவும் வேறு. மார்ச்சில் முடிந்த முதல் வீட்டின் 90 நாள் ஜூனில் தீர்ந்துவிடும். ஆகஸ்டில் ஐந்தாவது வீட்டில் சுவிட்ச் பெட்டி மாட்டும்போதுதான் முதலாளி பணம் தருவாரா என்ற சந்தேகமே அவருக்கு எழும். அதற்குள் பாதி உரிமை காலாவதி. வீடுகள் மூன்று கவுண்டிகளில் இருந்தால் மூன்று பதிவகங்களில் பதிய வேண்டும். வழக்கு என்று வந்தால் அந்தந்தக் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பல கட்டடங்களுக்குச் சேர்த்து ஒரே லீன் பதியக் கலிஃபோர்னியாச் சட்டம் அனுமதிக்கத்தான் செய்கிறது. உரிமையாளர் ஒருவராக இருக்க வேண்டும், அல்லது வேலை கொடுத்தவர் ஒருவராக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாளில் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். மொத்தத் தொகைக்குப் பேசிய வேலையென்றால் ஒவ்வொரு வீட்டிலும் செய்த வேலையின் அளவைப் பார்த்து நியாயமாகப் பங்கிட்டு எழுதலாம். பிரிக்காமல் விட்டால் அந்த லீன் மற்ற லீன்களுக்குப் பின்வரிசைக்குப் போய்விடும். ஆக, தாள் ஒன்று என்பதைத் தவிர மிச்சம் எல்லாம் ஐந்துதான். முதல் வீட்டின் பாக்கிக்கு மூன்றாம் வீட்டைப் பிடிக்க முடியாது.

இதில் உண்மையான இழப்பு எங்கே என்றால், வீடுகளின் மதிப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு வீட்டில் அடமானக் கடன் கழுத்து வரை இருக்கும். இன்னொன்றில் கடன் குறைவாக இருக்கும். ஏற்கெனவே பதிவான அடமானத்துக்குப் பிறகுதான் லீனுக்கு இடம். வங்கி தன் கடனுக்காக வீட்டை ஏலம் விட்டு, அந்தப் பணம் வங்கிக்கே சரியாகப் போனால் லீன் துடைத்தெறியப்படும். கடன் கொடுப்பவர்களுக்கு இந்த வரிசையின் அருமை நன்றாகத் தெரியும். கலிஃபோர்னியாவில் லீனின் முன்னுரிமை அந்த மனையில் வேலை தொடங்கிய நாளிலிருந்து கணக்காகிறது என்பதால், அடமானத்தைப் பதியும் முன் வெற்று மனையைப் புகைப்படம் எடுத்துவைப்பது அவர்கள் வழக்கம். ஒரு மண்வெட்டிகூட இறங்கவில்லை என்பதற்கு அது சாட்சி. வங்கி இவ்வளவு முன்யோசனையோடு நடக்கும் களத்தில், வயரிங் செய்பவர் வாய்ப்பேச்சை நம்பி இறங்குகிறார்.

இந்தக் காசோலை எந்த வீட்டுக்கு?

பிரச்சினையின் மிகக் கூர்மையான முனை இதுதான். முதலாளி நடுவில் 20,000 டாலருக்கு ஒரு காசோலை தருகிறார். எந்த வீட்டுக் கணக்கில் அதை வரவு வைப்பது? ஒருவருக்கே பல பாக்கிகள் தர வேண்டியவர் இருந்தால், கொடுக்கும் பணம் எந்தப் பாக்கிக்கு என்று சொல்லும் உரிமையைக் கலிஃபோர்னியாச் சட்டம் முதலில் அவருக்கே தருகிறது. அவர் சொல்லாவிட்டால்தான் வாங்குபவர் முடிவு செய்யலாம். விவரம் தெரிந்த முதலாளி என்ன செய்வார்? அடுத்த மாதம் விற்கப்போகும் நல்ல வீட்டின் பேருக்கு வரவு வைக்கச் சொல்வார். அந்த வீடு வில்லங்கமில்லாமல் கைமாறும். லாபம் அவர் பையில். மீதிப் பாக்கி முழுவதும் கடனில் மூழ்கிய வீடுகளின் தலையில் நிற்கும். சட்டத்தை மீறாமலே உழைத்தவரைக் காலி ஈடுகளோடு விட்டுவிடலாம்.

அப்படியானால் எலெக்ட்ரீஷியன் மொத்தப் பாக்கியையும் அந்த நல்ல வீட்டின் மேலேயே எழுதிவிடலாமே? கூடாது. செய்யாத வேலையை ஏமாற்றும் எண்ணத்தோடு லீனில் சேர்த்தால் முழு லீனும் செல்லாது. நியூயார்க்கில் வேண்டுமென்றே மிகைப்படுத்திய லீன் அடியோடு ரத்தாகும்; நஷ்ட ஈடும் கட்ட வேண்டும். ஃபுளோரிடாவில் அது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். இந்தத் தண்டனைகள் அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள்: பாக்கியை வீட்டுக்கு வீடு நகர்த்தும் சுதந்திரம் கடன்பட்டவருக்கு உண்டு, பணம் வரவேண்டியவருக்கு அதுவே குற்றம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுக்காரர் கொடுத்த பணத்தை இன்னொரு வீட்டு மர வியாபாரிக்குக் கொடுத்துச் சமாளிக்கும் ஒப்பந்தக்காரர்கள் எங்கும் உண்டு. புதுக்கோட்டையிலும் உண்டு, புரூக்ளினிலும் உண்டு. கொத்தனார் முதல் பொறியாளர் வரை பலர் இதைத் தொழில் சாமர்த்தியமாகவே கருதுகிறார்கள். நியூயார்க் லீன் சட்டம் அதை அறக்கட்டளைப் பணத்தைத் திருப்பிவிடுவதாகப் பார்க்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் வரும் பணம் அந்த வேலையில் உழைத்தவர்களுக்காக ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும் அறக்கட்டளை நிதி. அதை வேறு வீட்டின் கட்டுமானச் செலவுக்கே பயன்படுத்தியிருந்தாலும் தவறுதான். திருட்டுக் குற்றமாகவும் ஆகலாம். வீடு வாரியாகக் கணக்கு வைக்காத பழக்கம் மேலிருப்பவரையும் கீழிருப்பவரையும் சேர்த்தே கவிழ்க்கிறது.

பெயின்ட் கடையும் கோல்ஃப் விடுதியும்

சிறியவர் ஜெயித்த வழக்கு இல்லாமல் இல்லை. மயாமி அருகே டிரம்ப் நிறுவனத்துக்குச் சொந்தமான டோரல் கோல்ஃப் விடுதி புதுப்பிக்கப்பட்டபோது, பெயின்ட் கொடுத்த உள்ளூர்க் கடை ஒன்றுக்கு 32,000 டாலருக்குச் சற்று அதிகமான பாக்கி நின்றது. கடை லீன் பதிந்து வழக்குப் போட்டது. பல ஒப்பந்தக்காரர்கள் வேலை பார்த்த அந்த வளாகத்தில், உரிமையாளருக்குக் கொடுத்த முன்னறிவிப்பில் கடை ஒப்பந்தக்காரரின் பெயரைத் தவறாக எழுதிவிட்டது. ஆகவே லீன் செல்லாது என்று விடுதித் தரப்பு வாதிட்டது. 2016இல் நீதிமன்றம் கடையின் பக்கம் தீர்ப்பளித்து, பணம் கட்டாவிட்டால் விடுதியையே ஏலம் விடலாம் என்று உத்தரவிட்டது. 2017இல் மேல்முறையீட்டிலும் கடைக்கே வெற்றி.

இந்த வழக்கை லீனின் வலிமைக்குச் சான்றாக எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். கடையின் வழக்கறிஞர் செலவு ஏறக்குறைய 3 லட்சம் டாலர். தோற்ற தரப்பே அதைக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானதால் கடை பிழைத்தது. பாக்கியைப் போல ஒன்பது மடங்குச் செலவு, ஒரு தாளில் இருந்த ஒரு பெயரை ஒட்டி நடந்த போராட்டத்தில். ஒரே சொத்து, ஒரே லீன் என்ற நிலையிலேயே இந்தப் பாடு. அதையே ஐந்து வீடுகள், ஐந்து முன்னறிவிப்புகள் என்று பெருக்கிப் பாருங்கள். எத்தனை பேர் வழக்கு வரை போவார்கள்?

எதிர்வாதங்கள்

லீனுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது, இரண்டு முறை பணம் கட்டும் வீட்டுக்காரரின் குரல். முதன்மை ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டார்; அவர் பிளம்பருக்குக் கொடுக்கவில்லை; பிளம்பர் வீட்டின் மேல் லீன் போடுகிறார். கலிஃபோர்னியாவில் வீட்டுக்காரர் மறுபடியும் கட்ட நேரலாம். இது உண்மையான கொடுமை, தட்டிக்கழிக்கக் கூடாது. நியூயார்க் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: லீன் பதியும் நேரத்தில் வீட்டுக்காரர் முதன்மை ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய மிச்சம் எவ்வளவோ, சப்-கான்ட்ராக்டரின் லீன் அதைத் தாண்டாது. ஆனால் இழப்பு யார் தலையிலாவது விழுந்தே ஆக வேண்டும் என்றால், அதைத் தடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும். முதன்மை ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டுக்காரர். ஒவ்வொரு தவணைக்கும் லீன் உரிமையை விட்டுத்தரும் விடுவிப்புத் தாள் கேட்கும் வாய்ப்பும், இருவர் பெயரிலும் கூட்டுக் காசோலை எழுதும் வாய்ப்பும் அவர் கையில் இருக்கின்றன. பிளம்பர் கையில் இருப்பது ஸ்பேனர் மட்டும்.

பெட்டிச் செய்தி: வீட்டுக்காரர் கேட்க வேண்டியவை

முன்னறிவிப்புத் தபால் வந்தால் பயந்து குப்பையில் போடாதீர்கள். உங்கள் வீட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அதுவே பட்டியல்.

ஒவ்வொரு தவணையின்போதும் அந்தப் பட்டியலில் உள்ள எல்லோரிடமிருந்தும் லீன் விடுவிப்புத் தாள் வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் இதற்கு நான்கு படிவங்களைச் சட்டமே வகுத்திருக்கிறது: இடைத்தவணைக்கு இரண்டு, இறுதித் தவணைக்கு இரண்டு, காசோலை பணமாகும் முன் தருவது ஒன்று, பணமான பின் தருவது மற்றொன்று.

ஒப்பந்தக்காரரின் லைசென்ஸைச் சரிபாருங்கள். லைசென்ஸ் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தவர் கலிஃபோர்னியாவில் கூலி கேட்டு வழக்காட முடியாது.

தகராறு தீரும் முன் வீட்டை விற்றாக வேண்டுமா? கலிஃபோர்னியாவில் லீன் தொகையின் 125 சதவீதத்துக்குப் பிணைப்பத்திரம் கொடுத்தால் வில்லங்கம் வீட்டைவிட்டு அந்தப் பத்திரத்துக்கு மாறிவிடும்.

இரண்டாவது எதிர்வாதம்: ஒப்பந்தம் இருக்கிறதே, அதை வைத்து வழக்குப் போட்டுக்கொள்ளட்டுமே, சொத்தை ஏன் கட்டிப்போட வேண்டும்? யார் மேல் வழக்குப் போடுவது என்பதே இதற்குப் பதில். வீடுகளைப் புதுப்பித்து விற்பவர்களில் பலர் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி எல்.எல்.சி. நிறுவனத்தின் பெயரில் வாங்குகிறார்கள். வீடு விற்றதும் நிறுவனம் வெறும் கூடு. அதன் மேல் வாங்கிய தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், வசூலிக்க முடியாது. கட்டடம் மட்டும்தான் ஓடிப்போகாது.

மூன்றாவது: பல வீடுகளைச் சேர்த்துப் பிணைத்தால், அதில் ஒன்றை வாங்க வந்த அப்பாவி ஏன் மற்ற நான்கின் கடனைச் சுமக்க வேண்டும்? அவர் சுமக்கத் தேவையில்லை. பதிவான லீன் வில்லங்கத் தேடலில் தெரியும்; விற்பவர் அதைத் தீர்த்துவிட்டோ பிணைப்பத்திரம் கொடுத்துவிட்டோதான் விற்க முடியும். சுமை விழுவது விற்று லாபம் எடுப்பவர் மேல், அதாவது உண்மையில் கடன்பட்டவர் மேல்.

ஒன்டாரியோ காட்டும் வழி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்குள்ள கட்டுமானச் சட்டத்தின்படி, ஓர் உரிமையாளர் தன் பல மனைகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போட்டிருந்தால், அதில் வேலை செய்தவர் விரும்பினால் 'பொது லீன்' கோரலாம். எல்லா மனைகளிலும் செய்த வேலையின் மொத்தத் தொகைக்கும் ஒவ்வொரு மனையும் பொறுப்பு. நல்ல வீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போகும் தந்திரம் அங்கே பலிக்காது. இதோடு, கொடுக்கும் பணத்தில் 10 சதவீதத்தை நிறுத்திவைக்கும் விதியும் உண்டு, வந்த பணத்தை அறக்கட்டளை நிதியாகப் பார்க்கும் விதியும் உண்டு. அந்த நிதியைத் திசைமாற்றிய நிறுவனத்தின் இயக்குநர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து பொறுப்பேற்க நேரும்.

ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது. லீன்கள் மனை வாரியாகவே எழும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பொது லீன் கிடையாது. பேரம் பேசும் பலமுள்ள கட்டுமான நிறுவனம் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுமா? மனைகள் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் இருந்தாலும் உரிமை கைநழுவிப்போகலாம். ஆகவே நகலெடுத்தால் மட்டும் போதாது, திருத்தி எடுக்க வேண்டும். ஒரே ஆளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களை ஒரே உரிமையாளராகக் கருத வேண்டும். மனை வாரி என்ற வரியை எழுத விரும்பும் முதலாளி, அதற்கு ஈடாகக் கூலிக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். ஒரே கணக்கில் நடந்த வேலைக்குக் கெடுவும் ஒன்றாக, கடைசி வீட்டில் வேலை முடிந்த நாளிலிருந்து ஓட வேண்டும். கடன் கொடுப்பவர்கள் வட்டி கூடும் என்பார்கள். பிறருடைய கூலி பாக்கியின் மேல் குறைந்த வட்டி நின்றுகொண்டிருந்தால், அது கூடுவதில் எனக்கு வருத்தமில்லை.

இந்தியாவில் இந்த விவாதம் இன்னும் தொடங்கவே இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் நிலத்தை விற்றவருக்கு, பாக்கி விலைக்காக அந்தச் சொத்தின் மேல் உரிமை தருகிறது. அதே நிலத்தில் வீடு கட்டியவருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பதிவுபெற்ற சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டுவட்டி என்கிறது. அதுவும் கடன்பட்டவரைத் துரத்தும் உரிமைதான்; கட்டடத்தின் மேல் கைவைக்காது. கோவையிலோ மதுரையிலோ ஒரே முதலாளியின் நான்கு மனைகளில் டைல்ஸ் ஒட்டியவருக்கு ஒரு மனைகூட ஈடு இல்லை.

சட்டம் மாறும் வரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. ஒரே முதலாளி என்றாலும் வீட்டுக்கு ஒரு பில் எழுதுங்கள். முகவரி, தொடங்கிய நாள், முடிந்த நாள் மூன்றும் அதில் இருக்கட்டும். காசோலை வாங்கும்போது எந்த வீட்டுக்கு என்று எழுதி வாங்குங்கள். முதல் வீட்டின் கெடு முடியும் முன் பணம் வரவில்லையென்றால், இரண்டாவது வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள்.